வீட்டுப் பெரியவரின் உடல்நலக் கணக்கு: மாத்திரைப் பையில் தொடங்கி அவசரத் தாள் வரை முழுமையான வழிகாட்டி

60 வயது தாண்டிய அப்பா, அம்மா, தாத்தா, ஆயா யாராவது வீட்டில் இருந்து, அவர்களுடைய வைத்தியச் செலவையும் அலைச்சலையும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் காலை வைக்கிறார்கள். முதல் வாரம் மாஸ்டர் செக்கப், இரண்டாவது வாரம் புரோட்டீன் பவுடர், மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் வந்த லேகியம். பணம் கரைகிறது, ஆயாவுக்குத் தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை.

வரிசை இதுதான்: கெடுதலை முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அளந்து பாருங்கள், சேர்ப்பதெல்லாம் அதற்கப்புறம். மொத்தம் இரண்டு வாரம் பிடிக்கும்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

200 பக்க நோட்டு ஒன்று. மேல் கையில் சுற்றும் பிபி மிஷின். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண் மாறிவிடும். தையல்காரர் டேப், எடை மிஷின், ஏழு நாள் மாத்திரைப் பெட்டி, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி. சர்க்கரை இருந்தால் குளுக்கோமீட்டரும் தேதி முடியாத ஸ்ட்ரிப்பும்.

பிபி மிஷின் வாங்கும் முன் மேல் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள். சாதாரணப் பட்டை சுமார் 22 முதல் 32 செ.மீ. கைக்கு. பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிபி கூடுதலாகக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை ஏறுவது இப்படித்தான்.

1. மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

எந்த டாக்டரிடமும் போகும் முன் இது நடக்க வேண்டும். பாயை விரித்து வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் கொட்டுங்கள். ஃபிரிட்ஜ் கதவு, தலையணை அடி, சாமி மாடம், பழைய சுருக்குப் பை, எல்லா இடத்திலும் தேடுங்கள். சொட்டு மருந்து, இன்சுலின், சூரணம், மூட்டுவலித் தைலம் வரை எல்லாம் கணக்கில் வரும்.

மூன்று குவியலாகப் பிரியுங்கள்: இப்போது சாப்பிடுவது, நிறுத்தியது, எதற்கென்றே தெரியாதது. மூன்றாவது குவியல்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். குடியாத்தத்தில் ஒரு டாக்டர் எழுதியதும் வேலூரில் இன்னொருவர் எழுதியதும் வேறு வேறு பெயரில் இருக்கும், உள்ளே இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே பிபி மருந்து. கூட்டு மாத்திரை என்றால் இன்னும் கவனம் தேவை: டெல்மிசார்டான் என்ற இன்னொரு பிபி மருந்தும் அம்லோடிபினும் சேர்ந்த ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே தனி அம்லோடிபினும் சாப்பிடுபவர்கள் உண்டு.

அடுத்து, சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை தருவார்கள். நீர் மாத்திரையால் ராத்திரி நான்கு தடவை எழுந்து இருட்டில் நடப்பார், ஒரு நாள் விழுவார். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றும் எந்த மாதம் தொடங்கியது என்று கேளுங்கள். தேதி வரிசையில் வைத்தால் சங்கிலி தானாகத் தெரியும்.

பெரியவர்களுக்கு அதிகம் கெடுதல் செய்யும் சில வகைகளைச் சிவப்பு மையால் குறியுங்கள்:

- டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள்: சிறுநீரகம், வயிறு, பிபி மூன்றையும் கெடுக்கும்.
- சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின்: தூக்கம், குழப்பம், ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு.
- அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை: தடுமாற்றமும் விழுதலும்.
- கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு: சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை கீழே விழும்.

குறித்ததும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, தினமும் போடும் தூக்க மாத்திரை இவற்றைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. குவியலை அப்படியே பையில் போட்டு டாக்டரின் மேஜையில் வைத்து, "இதில் எதை எடுக்கலாம்?" என்று கேளுங்கள். "எதைச் சேர்க்கலாம்?" என்று கேட்பவர்களே அதிகம் என்பதால், இந்தக் கேள்விக்கு நல்ல டாக்டர்கள் நின்று பதில் சொல்வார்கள்.

2. நோட்டின் முதல் பக்கம்

பெயர், வயது, எடை, என்ன நோய் எந்த ஆண்டு முதல், ஆபரேஷன், ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர், ஒத்துக்கொள்ளாத மருந்து. கீழே ஒரு கட்டம்: மருந்துப் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, யார் எழுதியது, எப்போதிருந்து, எதற்கு.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அதை ஊகித்து நிரப்பாதீர்கள். காலியாக இருப்பதே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரி வாரியாகப் பிரித்து வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. தேதி வாரியாக வையுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, 1.1, 1.4 என்று ஏறி வந்தது மூன்று தனித்தனி ஃபைலில் கிடந்தால் யார் கண்ணிலும் படாது.

3. பிபி: ஏழு நாள் கணக்கு

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் படியேறி வந்து, பேசிக்கொண்டே கையை நீட்டினால் வரும் எண் அந்த நிமிஷத்தின் எண்.

காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன். அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால் மேல் கால் இல்லாமல், கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில். பட்டை சட்டை மேல் வரக் கூடாது. பேச்சும் டிவியும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் சராசரி வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90-க்கு வீட்டில் நிகரான எண் அதுதான்.

நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் வந்ததை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அது டாக்டரை ஏமாற்றுவதாகாது, மாத்திரை அளவைத்தான் தவறாக்கும்.

4. எழுந்து நிற்கும்போது என்ன ஆகிறது

இந்தப் படியைத்தான் அநேகமாக யாரும் செய்வதில்லை. படுத்து 5 நிமிடம் கழித்து ஒரு பிபி. எழுந்து நின்று 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் ஒவ்வொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், "தலை கிறுகிறுங்குது" என்று அவர் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தண்ணீர் போதாமை மூன்றும் முதல் சந்தேகம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும்.

வேலூரின் கத்திரி வெயிலில் இது இன்னும் மோசமாகும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால், அன்றே டாக்டரைக் கூப்பிட்டு எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று கேளுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும்.

அடுத்தது நாற்காலிச் சோதனை. சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால், 75 முதல் 79 வயதில் 11-க்கும் 10-க்கும் குறைந்தால், தொடையில் பலம் போதவில்லை, விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

இந்த எண்ணை நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை பாருங்கள். எண்ணிக்கையை ஏற்றவும் இதே பயிற்சிதான்: ஒரு நாளைக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு முடிந்த அளவு. வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடப்பதால் மட்டும் தொடைக்கு இந்தப் பலம் வராது. நடை வாரம் 150 நிமிடம் இருக்கட்டும், அதோடு வாரம் இரண்டு நாளாவது பலப்பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. 10,000 அடி என்ற எண் 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரில் இருந்து வந்தது. பெரியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடுகிறது.

5. கழிவறையும் ராத்திரி வெளிச்சமும்

இது ஒரு சனிக்கிழமை வேலை. கழிவறையில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் துளை போட்டு இரும்புப் பிடி. துணி காயவைக்கும் கம்பி, துண்டு மாட்டும் கம்பி இரண்டும் ஆள் எடையைத் தாங்காது. படுக்கையிலிருந்து கழிவறை வரை ராத்திரி விளக்கு. தரையில் சுருண்ட மிதியடி, வாசலில் சறுக்கும் ரப்பர் செருப்பு இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கண்புரை இருந்தால் இதெல்லாம் பாதிதான் உதவும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. சாப்பாடு: குறைவது புரதம்

வயதானவருக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆயாவுக்கு 60 முதல் 72 கிராம். நாஷ்டாவுக்கு மூன்று இட்லி, மதியம் சோறும் குழம்பும், ராத்திரி கொஞ்சம் களி என்றால் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். பல் போனதும் கறியும் சுண்டலும் முதலில் நின்றுவிடுகின்றன.

ஈடுகட்ட கடைப் பவுடர் தேவையில்லை. ஒரு முட்டை 6 கிராம், 200 மி.லி. பால் 6, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு கைப்பிடி (30 கிராம்) 7, கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்துக் குழைய வேகவைத்தால் 10. சுமார் 30 கிராம் வந்துவிட்டது. பல் இல்லாதவருக்கு மல்லாட்டையை அரைத்துத் துவையலாகக் கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்குப் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்ட பிறகு.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புச்சத்துக்கு அது நல்லது, 100 கிராமில் 340 மி.கி.க்கு மேல். ஆனால் "கேவுரு கூழ் குடிச்சா சக்கரை ஏறாது" என்பது தப்பு. 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கரைத்த கூழ் வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். குடித்து 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள், வாக்குவாதம் மிச்சம்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் டெல்மிசார்டான் வகை சாப்பிடுபவருக்கும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

7. ஆயுளைக் கூட்டும் சரக்குகளைக் கழியுங்கள்

இதை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே உள்ள எண்கள் கையில் இருந்தால்தான் வீட்டில் பேச்சு எடுபடும்.

*தெம்புக்கு குளுக்கோஸ்.* 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி, அதாவது இரண்டு இட்லி. இதயம் பலவீனமானவருக்கு அந்தத் தண்ணீரே மூச்சிரைப்பைக் கொண்டுவரும். வாந்தியால் வறண்டு போனவருக்கு ட்ரிப் ஏற்றுவது வேறு விஷயம்.

*பெயரில்லாத மூட்டுவலிப் பொடி.* பத்து வருட வலி மூன்றே நாளில் மாயமானால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புவது, சர்க்கரை திடீரென ஏறுவது அடையாளம். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென நிறுத்தாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

*ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை.* ஃபின்லாந்தில் சுமார் 29,000 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. கேரட்டில் இருப்பது நல்லதென்றால் மாத்திரையிலும் நல்லது என்ற கணக்கு அங்கே தோற்றது. பீடி சுற்றும், பீடி குடிக்கும் ஊர்கள் நிறைந்த நம் பக்கத்துக்கு இது முக்கியம்.

*காரத்தன்மை தண்ணீர்.* ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது நுரையீரலும் சிறுநீரகமும். குடித்த தண்ணீர் வயிற்று அமிலத்தில் விழுந்ததும் அதன் காரம் போய்விடும்.

*அந்தக் காலத்தில் எல்லோரும் நூறு வயது.* சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவின் சராசரி ஆயுள் 40-க்கும் கீழே. குழந்தையிலேயே இறந்தவர்கள் அந்தச் சராசரியை இழுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் நூறைத் தொட்டவர்கள் அபூர்வமே. பிறப்புச் சான்று இல்லாத ஊரில் வயது தானாகவே கூடும். சான்றுகளோடு 120-ஐத் தாண்டியவர் உலகிலேயே ஒருவர்தான், 1997-இல் 122 வயதில் இறந்த பிரான்ஸ் நாட்டு ஜான் கல்மான். "எங்க தாத்தா 115 வரைக்கும் இந்த வேர்தான் சாப்பிட்டார்" என்று யாராவது விற்க வந்தால், முதலில் தாத்தாவின் பிறந்த தேதியைக் கேளுங்கள்.

8. டெஸ்ட்: குறைவாக, சரியான நேரத்தில்

மாஸ்டர் செக்கப்பின் சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. 'நார்மல்' எல்லை, நலமாக இருப்பவர்களிலும் 20-இல் ஒருவர் வெளியே விழும்படி வகுக்கப்படுகிறது. ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது தவறாகச் சிவப்பில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அந்தச் சிவப்பைத் துரத்தி ஸ்கேன், மறுபடி ரத்தம், ஒரு மாதக் கவலை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் புற்றுநோய் மார்க்கர் டெஸ்ட் எடுக்கும் பேக்கேஜை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை, பிபி உள்ளவருக்கு வேண்டியது சின்னப் பட்டியல். எச்பிஏ1சி கட்டுக்குள் இல்லையென்றால் 3 மாதத்துக்கு ஒன்று, நிலையாக இருந்தால் 6 மாதத்துக்கு ஒன்று. மாதாமாதம் எடுப்பது வீண், அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், விழித்திரைப் பரிசோதனை, பாதம். பல ஆண்டு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவருக்கு வைட்டமின் பி12.

கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 75 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால் லேப் தாளில் எல்லைக்குள் இருப்பதுபோலத் தெரியும். வயதைச் சேர்த்துக் கணக்கிட்டால் இ-ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், சுமார் 47. சிறுநீரகம் பாதித் திறனில் ஓடுகிறது, வலி மாத்திரையும் மெட்ஃபார்மின் அளவும் யோசிக்க வேண்டிய கட்டம். இ-ஜிஎஃப்ஆர் அச்சிடாத லேபில் கேட்டு வாங்குங்கள்.

9. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

எங்கே எதற்குப் போவது என்று முதலில் பிரியுங்கள். மாதாந்திர பிபி, சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். நடமாட முடியாதவருக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் அதில் உண்டு. காசு கொடுத்து வாங்குபவர்கள் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மருந்துப் பெயர், மி.கி., பெயருக்குப் பின்னால் வரும் 'எஸ்ஆர்', 'எக்ஸ்எல்' போன்ற எழுத்து மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அந்த எழுத்துள்ள மாத்திரை மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது, நசுக்கிக் கொடுக்கக் கூடாது.

புதுப் பிரச்சினை, சிக்கலான நோய், ஆபரேஷன் என்றால்தான் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) போன்ற பெரிய இடம். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க மட்டும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து நாள் முழுக்க வரிசையில் நிற்பது அவருக்கும் கஷ்டம், பின்னால் நிற்பவருக்கும் கஷ்டம்.

வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும் நாளில் நடக்கும் தவறுதான் பெரிது. பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ், பழக்கத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பி, பத்து மணிக்கு வரிசையில் மயங்குவது. சர்க்கரை மாத்திரையும் காலை இன்சுலினும் ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போதுதான். பிபி மாத்திரையை டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம். பையில் இட்லிப் பொட்டலமும் சர்க்கரையும் இருக்கட்டும்.

நோட்டில் மூன்று கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமானது முதலில். பெரியவர் அறைக்குள் போனதும் "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஏழு நாள் பிபி கணக்கும் நாற்காலி எண்ணும் அந்த இடத்தில் பேசட்டும். வெளியே வரும் முன் கேட்க வேண்டியது: எந்த மாத்திரை நின்றது, எது புதிது, அடுத்து எப்போது, எது நடந்தால் உடனே வர வேண்டும்.

ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் தாளோடு படத்தையோ சிடியையோ கேட்டு வாங்குங்கள். தாள் மட்டும் இருந்தால் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்ட வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்குவார்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு பில்லை நீட்டிப் பயனில்லை. புறநோயாளிச் செலவுக்கு அது உதவும் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுகிறார்கள்.

10. அவசரத் தாள்

நோட்டின் முதல் பக்கத்தை நகல் எடுத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதன் கீழே இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று எழுதுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஒடுகத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ வருவதற்கே நேரம் போகும், ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் நின்று அதைக் கரைக்காதீர்கள். வாயில் தண்ணீரோ பிபி மாத்திரையோ கொடுக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் குளுக்கோமீட்டரில் பாருங்கள். தாழ்ந்த சர்க்கரையும் பக்கவாதம் போலவே தெரியலாம். 70-க்குக் கீழே இருந்து, விழிப்போடு நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத வாந்தி இருந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ராத்திரியைக் கடத்தாதீர்கள்.

தாளின் மூலையில் தேதி போடுங்கள். ஒரு மாத்திரை மாறினாலும் அன்று ராத்திரியே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். இரண்டு தாள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கினால் ஆம்புலன்ஸில் வருபவர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது.